வேண்டும், முடியும், கூடும்: ஆங்கில நோக்குத் துணைவினைகளும் தமிழ் மாணவரும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் எம் மாணவர் இடர்ப்படும் இடங்கள் எவையென ஆசிரியர்களை வினவின், பெயர்க்கு முன் வரும் 'ஏ', 'த' என்பனவும் 'இன்', 'ஒன்', 'அற்' முதலிய முன்னிடைச்சொற்களுமே முதலில் எடுத்துக் கூறப்படும். இவற்றிற் பிழை நேர்வது உண்மையே. ஆயினும் அப்பிழை கேட்ட மாத்திரத்தே புலனாகும். பொருளும் பெரும்பாலும் கெடுவதில்லை. இவற்றினும் நுட்பமான பிறிதோர் இடர்ப்பாடு உளது. அங்கு வாக்கியம் இலக்கணத்திற் சிறிதும் வழுவாது. ஆயின் சொல்லக் கருதியது ஒன்று, சொல்லப்பட்டது வேறொன்று. வழு வாக்கியத்திற் காணப்படாமையால் ஆசிரியரின் சிவப்பு மையும் அதன்மேல் விழுவதில்லை. மாணவர் அப்பிழையோடே பட்டம் பெற்று வெளியேறுகின்றார்.

'கான்', 'குட்', 'மே', 'மைற்', 'மஸ்ற்', 'ஷால்', 'ஷுட்', 'வில்', 'வுட்' என்னும் ஒன்பது துணைவினைகளும் 'ஓற்', 'நீட்' முதலிய அவற்றின் சுற்றமும் இத்தகைய பிழைக்கு நிலைக்களமாவன. ஆங்கில இலக்கண ஆசிரியர் இவற்றை 'மோடல்' வினைகள் என்பர். ஒரு வினை நிகழ்ந்தது எனக் கூறுவதோடு அமையாது, அதனைப் பேசுவோன் எவ்வாறு நோக்குகின்றான் என்பதை, அதாவது கட்டாயமென நோக்குகின்றானா, இசைவென நோக்குகின்றானா, ஐயமென நோக்குகின்றானா என்பதை உணர்த்துதலின், இவற்றை நோக்குத் துணைவினைகள் என இக்கட்டுரையில் வழங்குவோம். இவை எம் வகுப்பறைகளிற் கற்பிக்கப்படும் முறை பற்றிச் சில கருத்துக்களை முன்வைப்பதே எமது நோக்கமாகும்.

வழமையான முறை யாவரும் அறிந்ததே. கரும்பலகையின் இடப்பக்கத்தில் ஆங்கிலச் சொற்கள். வலப்பக்கத்தில் அவற்றுக்கு நேர் தமிழ்ச் சொற்கள். 'கான்' என்பது முடியும். 'மே' என்பது கூடும் அல்லது லாம். 'மஸ்ற்' என்பது வேண்டும். 'ஷுட்' என்பதும் வேண்டும். 'வில்' என்பது எதிர்காலம். மாணவர் இவ்வட்டவணையை வாய்பாடு போல மனனஞ் செய்வர். ஆங்கிலமே கல்விமொழியாக இருந்த காலத்தில் இவ்வட்டவணையாற் பெருந் தீங்கு விளைந்ததெனக் கூற முடியாது. அட்டவணை பிழையாகக் கற்பித்ததை நாள்தோறும் செவியில் வீழ்ந்த ஆங்கிலம் திருத்திவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1960 ஆம் ஆண்டளவிற் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படத் தொடங்கிய பின்னர் நிலைமை வேறாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் ஏட்டிற் கற்று வருபவர்க்கு அட்டவணையே முதலும் முடிவுமான சான்றாகி விடுகின்றது.

அட்டவணை முறையின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. ஆங்கிலத்தில் இச்சொற்கள் நுட்பம் மிக்கன, தமிழில் அந்நுட்பம் இல்லை, ஆதலால் தமிழ் மாணவர் தடுமாறுதல் இயல்பு என்பதே அவ்வெண்ணம். ஆங்கில ஆசிரியர் சிலர் இதனை வெளிப்படையாகவே கூறுவர். எமது கருத்து இதற்கு நேர்மாறானது. நோக்கு உணர்த்துதலில் தமிழ் வறிய மொழியன்று. லாம், வேண்டும், கூடும், முடியும், அட்டும், மாட்டு என்பவற்றைத் தோமஸ் லேமன் 1989 இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணத்தில் தனியே எடுத்து விளக்கியுள்ளார். எம் பேச்சு வழக்கில் உள்ள 'ஏலும்', 'ஏலாது' என்பனவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். (ஏலாது என்னும் ஒரு சொல்லால் யாழ்ப்பாணத்தவர் இயலாமையையும் மறுப்பையும் உணர்த்துவர், 'ஏலாமல் கிடக்கு' என்றால் நோயையும் உணர்த்துவர். ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொற்கள் தேவைப்படும்.) மாணவர் தடுமாறுவது தமிழில் இல்லாத ஒன்றைத் தேடுவதனாலன்று, தமிழில் உள்ளதைக் கொண்டு ஆங்கிலத்தை அளக்க எவரும் அவருக்குக் காட்டாமையினாலேயாம்.

ஆங்கிலத் துணைவினைகள் ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில் புரிவன என்பதை எஃப். ஆர். பாமர் 1979 இல் வெளியிட்ட நூலில் தெளிவுபடுத்தினார். பேசுவோனின் அறிவும் அனுமானமும் பற்றியது ஒன்று. கட்டாயமும் இசைவும் பற்றியது மற்றொன்று. வினைமுதலின் ஆற்றலும் விருப்பும் பற்றியது மூன்றாவது. 1983 இல் ஜெனிபர் கோட்ஸ், உண்மையான பேச்சிலும் எழுத்திலுமிருந்து திரட்டிய வாக்கியங்களை ஆராய்ந்து, இப்பொருள்களுக்கு இடையே உள்ள எல்லைகள் பல இடங்களில் மங்கியிருப்பதைக் காட்டினார். இவ்விரு நூல்களும் போற்றத்தக்கனவே. ஆயினும் இவற்றின் கலைச்சொற்களை மட்டும் எடுத்து வகுப்பறையில் இறைப்பதால் பயனில்லை. பழைய அட்டவணையில் ஒரு நிரலுக்குப் பதிலாக மூன்று நிரல்கள் தோன்றும், அவ்வளவே. எம் மாணவர்க்கு வேண்டுவது வாக்கியங்கள்.

'வேண்டும்' என்பதிலிருந்து தொடங்குவோம். விடுமுறை கோரும் மாணவர் ஒருவர் தமிழில் எவ்வாறு எழுதுவார்? இரு நாள் விடுமுறை தந்துதவ வேண்டுமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன் என்பார். பணிவின் எல்லை அது. அவரே அட்டவணையின் துணைகொண்டு ஆங்கிலத்தில் எழுதும்போது 'யூ மஸ்ற் கிறான்ற் மீ லீவ்' என்கின்றார். பெறுபவர் திகைக்கின்றார், தம்மை ஏவுவதற்கு இவர் யார் என எண்ணுகின்றார். மாணவரின் உள்ளத்தில் இருந்ததோ பணிவு. இங்கு நேர்ந்தது என்ன? வேண்டுதல் என்பது தமிழில் விரும்புதலும் இரத்தலுமாகும். கோயிலிற் செய்வதும் வேண்டுதலே. எனவே 'தரவேண்டும்' என்பதில் தேவை கேட்பவனிடம் உளது. கொடுப்பவன்மீது சுமை ஏற்றப்படவில்லை. 'மஸ்ற்' என்பதன் வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் இசைவு பெற்றிருத்தலைக் குறித்த ஒரு வினையின் இறந்தகால வடிவமே நாளடைவிற் கட்டாயங் குறிப்பதாயிற்று. இக்கால வழக்கில் அக்கட்டாயத்தின் பின்னே பெரும்பாலும் பேசுவோனின் அதிகாரமே நிற்கும். ஆகவே இரு சொற்களும் சந்திக்கும் இடம் சிறிது. விலகும் இடம் பெரிது. இன்னொரு புதுமையும் உண்டு. மணவிழாவுக்கு அழைக்கையில் 'அவசியம் வரவேண்டும்' என்கின்றோம். ஆங்கிலேயரும் அவ்விடத்து 'யூ மஸ்ற் கம்' என்றே உபசரிப்பர். பயன் கேட்போனைச் சாரும்போது 'மஸ்ற்' இன்சொல்லாகும். பேசுவோனைச் சாரும்போது வன்சொல்லாகும். அட்டவணையில் இதற்கு இடமேது?

கேட்போர், கொடுப்போர் ஆகியோரின் நிலைக்கேற்பச் சொல் மாறும் என்பது தமிழ் மாணவர்க்குப் புதிய செய்தியன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் முறையே தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் ஆகியோரின் கூற்றாகத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் பிரித்துக் காட்டியுள்ளார். 'கான் யூ', 'குட் யூ', 'வுட் யூ' என ஆங்கிலத்தில் வேண்டுகோள் படிப்படியாக மென்மை பெறுவதை விளக்கப் புகும் ஆசிரியர் இதனினும் சிறந்த வாயிலைப் பெறமாட்டார். ஆயினும் இலண்டனில் அச்சான பயிற்சி நூலைத் திறக்கும் எம் ஆசிரியர், பக்கத்து அறையில் தமிழாசிரியர் கற்பிக்கும் தொல்காப்பியத்தை மறந்துவிடுகின்றார். இரு பாடங்களுக்கும் இடையே உள்ள சுவர் மிகத் தடித்தது.

அடுத்து எதிர்மறை. இங்கேதான் அட்டவணை முற்றாகத் தோல்வியுறுகின்றது. 'மஸ்ற்' என்பது வேண்டும் எனக் கற்றவர் 'மஸ்ற் நொற்' என்பது வேண்டாம் எனக் கொள்ளுதல் இயல்பே. நாளை வகுப்பு இல்லை, நீங்கள் வர வேண்டியதில்லை எனக் கூற எண்ணி 'யூ மஸ்ற் நொற் கம்' என எழுதுகின்றார். அவர் எழுதியதன் பொருள், நீங்கள் வரவே கூடாது என்பது. கருதிய பொருளுக்கு உரியது 'நீட் நொற்' என்பதே. ஒரு தடையையும் ஒரு விலக்களிப்பையும் மாறிக் கூறுதல் சிறு பிழையன்று. மருந்துப் போத்தலின்மேல் ஒட்டிய தாளிலோ தொழிற்சாலைச் சுவரிலோ அது நேர்ந்தால் உடலுக்கே கேடு விளையும்.

இதனைக் கற்பிக்கும் வழி தமிழிலேயே உளது. ஓர் உடன்பாட்டுச் சொல்லின் எதிர்மறை வடிவம் அதன் எதிர்மறைப் பொருளைத் தராமற் போகலாம் என்பதைத் தமிழ் மாணவர் அறியாதே அறிந்திருக்கின்றார். 'மழை பெய்யக்கூடும்' என்பதன் மறுதலை 'மழை பெய்யக்கூடாது' என்பதா? இக்கால வழக்கில் அன்று. முன்னையது ஐயம், பின்னையது தடை, அல்லது அச்சங் கலந்த விருப்பம். முன்னையதன் மறுதலையாக நாம் கூறுவது 'மழை பெய்யாமலிருக்கலாம்' என்பதே. இதனை எடுத்துக்காட்டி, ஆங்கில 'மஸ்ற்' என்பதும் எம் 'கூடும்' போலவே எதிர்மறையில் வேறு துணை தேடும் எனக் கூறினால் மாணவர் ஒரு நொடியில் விளங்கிக்கொள்வர். இன்னும் ஒன்று. தமிழில் எதிர்மறை எங்கு நிற்கின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். 'வராமலிருக்க வேண்டும்' என்பதில் அது முதல்வினையில் நிற்கின்றது. 'வர வேண்டியதில்லை' என்பதில் துணைவினையில் நிற்கின்றது. ஆங்கிலத்தில் 'நொற்' எப்போதும் துணைவினையை அடுத்தே நிற்றலால், அது எதனை மறுக்கின்றது என்பது வடிவத்தாற் புலனாகாது. சொல்லை மாற்றியே அவ்வேற்றுமை காட்டப்படுகின்றது. 'மே நொற்' என்பது ஓரிடத்து வராமலிருக்கலாம் என்றும், பிறிதோரிடத்து வரக்கூடாது என்றும் பொருள்படுவதும் இதனாலேயே. இவ்விடயத்தில் தமிழ் ஆங்கிலத்தினும் தெளிவானது. தெளிவான மொழியை வைத்துக்கொண்டு தெளிவற்றதைக் கற்பிக்கலாமே!

அனுமானப் பொருளில் வரும் 'மஸ்ற்' எதிர்மறையில் 'கானொற்' ஆகும் என்பதும் பாடநூல்களில் ஒரு விதிவிலக்காகவே தரப்படுகின்றது. 'அவர் வீட்டில் இருக்க வேண்டும், விளக்கு எரிகின்றது' என்பதையும், 'அவர் வீட்டில் இருக்க முடியாது, கதவு பூட்டியிருக்கின்றது' என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விதியுமில்லை, விலக்குமில்லை. தமிழும் அவ்வாறே பேசுகின்றது.

இனி இறந்தகாலம். எமது நோக்கில் இதுவே முழு ஆராய்ச்சிக்கும் உயிர்நிலை. 'அவன் வந்திருக்க வேண்டும்' என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். வாயிலில் செருப்புக் கிடக்கின்றது; எனவே வந்துவிட்டான் என அனுமானித்துக் கூறினும் இவ்வாக்கியம் பொருந்தும். கூட்டம் முடிந்துவிட்டது, அவன் வரவில்லை, வருவது அவன் கடன் எனக் குறைகூறினும் இதே வாக்கியம் பொருந்தும். ஒன்றில் அவன் வந்தான், மற்றொன்றில் வரவில்லை. தமிழ்ச் செவிக்குக் குரலும் சூழலும் போதுமாகையால் நாம் இடர்ப்படுவதில்லை. ஆங்கிலமோ முன்னையதற்கு 'மஸ்ற் ஹாவ் கம்' என்றும் பின்னையதற்கு 'ஷுட் ஹாவ் கம்' என்றும் வெவ்வேறு வடிவங்களைக் கோருகின்றது. 'வந்திருக்கலாம்' என்பதும் இத்தகையதே. வந்தானோ என்னும் ஐயமாயின் 'மே ஹாவ்'. வருவதற்கு வாய்ப்பிருந்தும் வரவில்லை என்னும் குறையாயின் 'குட் ஹாவ்'. ('மைற் ஹாவ்' என்பது மட்டும் இரண்டுக்கும் இடங்கொடுத்துத் தமிழ்போல நடக்கும்.) வடிவ அமைப்பிலே இரு மொழிகளும் கண்ணாடியும் நிழலும் போன்றன: வந்து, இருக்க, வேண்டும் எனத் தமிழ் செல்லும், 'மஸ்ற்', 'ஹாவ்', 'கம்' என ஆங்கிலம் தலைகீழாக வரும். இவ்வொற்றுமையே பொறியாகி விடுகின்றது. வடிவம் ஒத்திருத்தலின் பொருளும் ஒக்கும் என மாணவர் நம்பிவிடுகின்றார்.

இதனால் விளையும் கேட்டை உணர நீதிமன்றத்தை நினைத்துப் பார்த்தல் போதும். வீதி விபத்தொன்றின் சாட்சி, 'சாரதி அந்த வெளிச்சத்தைக் கண்டிருக்க வேண்டும்' எனத் தமிழிற் கூறுகின்றார் என வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பவர் 'மஸ்ற் ஹாவ் சீன்' என்றால், சாரதி கண்டும் நிறுத்தவில்லை என்பது பதிவாகும். 'ஷுட் ஹாவ் சீன்' என்றால், காணத் தவறினார் என்பது பதிவாகும். முன்னையது அறிந்து செய்த செயல், பின்னையது கவனயீனம். இரண்டிற்கும் சட்டத்தில் உள்ள தூரம் சொல்லத் தேவையில்லை. இரு மொழிபெயர்ப்புக்களும் இலக்கண வழுவற்றவை என்பதே இதிலுள்ள அபாயம்.

இவ்விடத்தும் தமிழ் கைகொடுக்கும். 'வந்திருக்க வேண்டும்' என்பதை 'வந்திருப்பான்' என மாற்றினாற் பொருள் கெடாதாயின் அது அனுமானம். ஆங்கிலத்தில் 'மஸ்ற் ஹாவ்'. 'வந்திருக்க வேண்டியவன்' என மாற்றினாற் பொருள் கெடாதாயின் அது கடப்பாடு; ஆங்கிலத்தில் 'ஷுட் ஹாவ்'. வேண்டிய என்னும் பெயரெச்சம் இங்கு அனுமானத்தை ஏற்பதில்லை. அவ்வாறே 'வந்திருக்கலாம்' என்பதோடு 'யாருக்குத் தெரியும்' எனச் சேர்த்துப் பார்க்கலாம். 'வரவில்லையே' எனச் சேர்த்தும் பார்க்கலாம். எது இசைகின்றதோ அதனைக் கொண்டு ஆங்கில வடிவத்தைத் தெரிந்துகொள்ளலாம். இத்தகைய சோதனைகள் எப்பாடநூலிலும் எம் கண்ணிற் படவில்லை. தமிழறியாத ஒருவர் எழுதிய பாடநூலில் அவை இருக்க முடியாது என்பதும் உண்மையே. நேற்று நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது என்பதற்கு 'மஸ்ற்' உதவாது, 'ஹாட் ரு' வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக் கற்பித்துவிடலாம்.

இறந்தகாலத்தில் இன்னொரு சிறு குழியும் உண்டு. 'நேற்று யாழ்தேவியைப் பிடிக்க முடிந்தது' என்பதை 'ஐ குட் காச்' என எழுதுவோர் பலர். முடியும் என்பது 'கான்' ஆனால், முடிந்தது என்பது 'குட்' ஆதல் வேண்டுமன்றோ? ஆங்கில வழக்கு அதற்கு உடன்படுவதில்லை. ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயலைக் கூறுகையில் 'வொஸ் ஏபிள் ரு' என்பதே உரியது. 'குட்' என்பது பொதுவாக இருந்த ஆற்றலுக்கே உரியது. எதிர்மறையில் இவ்வேறுபாடு மறைந்துவிடும். 'குட் நொற்' எங்கும் செல்லும். 'கான்' என்பது ஆதியில் அறிதலைக் குறித்த வினை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது; 'நீந்தத் தெரியும்' என்னும் எம் வழக்கு அதற்கு மிக அணுக்கமானது. அறிவும் ஆற்றலும் ஒரு நாளில் நிகழ்ந்து முடிவன அல்லவே.

'வில்' என்பதை எதிர்காலம் எனக் கற்பிப்பதே பாடநூல்களின் பெருங் குறை. வாயிற்கதவு தட்டப்படும் ஒலி கேட்டு, தபாற்காரராக இருப்பார் என்கின்றோம். இருப்பார் என்பது வடிவத்தால் எதிர்காலம். பொருளால் இக்கணத்து அனுமானம். ஆங்கிலேயரும் அவ்விடத்து 'வில் பீ' என்றே கூறுவர். அந்நாளில் பாட்டனார் ஒவ்வொரு மாலையும் சந்திக்குப் போவார், பத்திரிகை வாசிப்பார் என இறந்தகால வழக்கத்தையும் நாம் எதிர்கால வடிவத்தாற் கூறுகின்றோம். ஆங்கிலத்தில் இதுவே 'வுட்' என்பதன் தொழில்களுள் ஒன்று. வரமாட்டான் என்பது மறுப்பும் எதிர்வுகூறலுமாய் இரட்டைப் பொருள் தருவது போலவே 'வோண்ற்' என்பதும் தரும். கதவு திறக்கமாட்டேன் என்கின்றது என உயிரற்ற பொருளுக்கும் மறுப்பை ஏற்றிக் கூறுவது தமிழ்நாட்டு வழக்கு. ஆங்கிலத்திலும் கதவு அவ்வாறே அடம்பிடிக்கும். முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் வாய்பாட்டாற் கூறுமாறு தொல்காப்பியர் விதித்தார். உரையாசிரியர் அதற்கு 'மலை நிற்கும்' என உதாரணம் தருவர். காலங் காட்டுவதாகக் கருதப்படும் ஒரு வடிவம் உண்மையிற் காலத்தைக் கடந்து நோக்கை உணர்த்தும் என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலுமோ?

'ஷால்', 'வில்' பற்றிய பழைய விதியின் கதை தனிச்சுவையுடையது. தன்மையில் 'ஷால்' வெறும் எதிர்காலம், 'வில்' உறுதிமொழி அல்லது அச்சுறுத்தல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது மாறிவரும் என ஜோன் வாலிஸ் 1653 இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் வகுத்துரைத்தார். அந்நூல் இலத்தீனில் எழுதப்பட்டது; ஆங்கிலம் கற்க விழைந்த பிறநாட்டார்க்காகவே அது எழுந்தது. றொபேட் லௌத் 1762 இல் அவ்விதியை ஏற்றுக்கொண்டார். பள்ளி இலக்கணங்கள் வழிவழியாக அதனைச் சுமந்து வந்து எம் வகுப்பறைகளில் இறக்கின. நீரில் வீழ்ந்த அயர்லாந்துக்காரர் ஒருவர் 'ஷால்', 'வில்' இரண்டையும் மாறிக் கூறியமையால், தாம் இறக்கத் துணிந்துவிட்டதாகவும் எவரும் தம்மைக் காக்கக் கூடாதெனவும் பொருள்பட, கரையிலிருந்த ஆங்கிலேயர் வாளாவிருந்தனர் என்பது இவ்விதியை நிலைநாட்டக் கூறப்படும் பழங்கதை. சார்ள்ஸ் பிறீஸ் 1925 இல் ஆங்கில நாடகங்களின் உரையாடல்களை ஆராய்ந்து, மக்கள் வழக்கு இவ்விதிக்கு அமைந்து நடக்கவில்லை என நிறுவினார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் எம் மாணவர் கோடிட்ட இடத்தில் 'ஷால்' நிரப்பிப் புள்ளி பெறுகின்றனர்.

'ஷால்' இன்றும் உயிரோடு உலவும் இடம் சட்டம். எம் நாட்டுச் சட்டங்களின் தமிழாக்கத்தில் 'ஷால்' என்பதற்குத் 'தல் வேண்டும்' என்பதும் 'மே' என்பதற்கு 'லாம்' என்பதும் நிலையான நிகரங்களாகிவிட்டன. அதிகாரியொருவர் அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும் என்னுமிடத்து இது சாலப் பொருந்தும். ஆயின் சட்டத்தில் 'ஷால்' எப்போதும் கடமை சுமத்துவதில்லை. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியதும், 1987 இல் நிறைவேறிய 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியொன்றாக்கியதும் 'ஷால்' என்னும் சொல்லினாலேயே. அங்கு எவரும் எதனையும் செய்யுமாறு ஏவப்படவில்லை. சொல் சொல்லப்பட்டவுடன் நிலைமை உருவாகிவிடுகின்றது. 'ஆதல் வேண்டும்' எனத் தமிழில் வாசிப்பவர்க்கோ அது இனி நிகழ வேண்டியதோர் இலட்சியம் போலத் தோன்றுகின்றது. அவ்விலட்சியம் நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு வினா. சட்டத்தின் சொல் அதனை ஏற்கெனவே நிறைவேறியதாக்கிவிட்டது என்பதையாவது தமிழ் வாசகர் உணர வழியிருத்தல் நன்று. இத்தகைய இடங்களில் 'ஆகும்' என்னும் எளிய வினைமுற்றே சிறந்ததென்பது எமது துணிபு. ஆங்கில உலகிலேயே 'ஷால்' ஐயத்துக்குரியதாகி விட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிக் குடியியல் நடவடிக்கைமுறை விதிகளை 2007 இற் சீரமைத்தோர் அச்சொல்லை நீக்கி, இடத்துக்கேற்ப 'மஸ்ற்', 'மே', 'ஷுட்' என மாற்றியமைத்தனர். ஒரே சொல் பல பொருள்பட்டு வழக்குகளுக்கு இடமளித்ததே காரணம்.

வழக்கு மாறுவது சட்டத்தில் மட்டுமன்று. ஜெஃப்றி லீச்சும் அவருடன் பணியாற்றியோரும் 1961 ஆம் ஆண்டு எழுத்துக்களையும் முப்பதாண்டுகள் பின்னர் வெளிவந்தவற்றையும் ஒப்பிட்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வு, 'ஷால்', 'ஓற்', 'மஸ்ற்', 'மே' முதலியன அருகி வருவதையும், 'நீட் ரு' போன்ற தொடர்கள் பெருகி வருவதையும் காட்டுகின்றது. எம் பாடத்திட்டங்கள் அருகி வருவனவற்றுக்கு அதிக பக்கங்களையும் பெருகி வருவனவற்றுக்குச் சில வரிகளையும் ஒதுக்கியுள்ளன. 'ஹாவ் ரு' என்பது 'மஸ்ற்' என்பதன் மற்றொரு பெயர் எனக் கூறி நகர்ந்துவிடும் ஆசிரியரும் உளர். 'நான் போக வேண்டும்' என்பதும் 'நான் போக வேண்டியிருக்கிறது' என்பதும் ஒன்றென எத்தமிழரும் கூறார். முன்னையதில் விருப்பமோ துணிவோ எம்முடையது; பின்னையதில் ஏதோ ஒரு புறநிலை எம்மை இழுக்கின்றது. விருந்துண்டு எழும்போது பின்னையதையே கூறுகின்றோம். பிரிவுக்குரிய பழியைக் கடைசி பஸ்ஸின்மீது போட்டுவிடலாம். ஆங்கிலேயர் அவ்விடத்து 'ஐ ஹாவ் ரு கோ' என்பதும் இதே காரணத்தினாற்றான்.